எல்லோர் சார்பாகவும்

அவன் டீ சொல்லும் விதத்திலேயே எல்லாம் இருந்தது. கல்லூரி வாசல் கடையில் நாங்கள் ஆறு பேர் போய் நின்றால், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், "அண்ணே, ஆறு டீ, சர்க்கரை கம்மி" என்று சொல்லிவிடுவான். எனக்குச் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். இன்னொருத்திக்கு டீயே ஆகாது, பால்தான். "எங்களக் கேட்டியா?" என்றால் வலது கையை நெஞ்சில் வைத்து, "எல்லார் சார்பாவும் சொல்லிட்டேன் தோழி" என்பான். மூன்று வருடம் அந்தச் சப்பென்ற டீயைக் குடித்தேன்.

மயிலாடுதுறையில் நான் அரசியல் அறிவியல் படித்தபோது கூடப் படித்தவன். பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி ஒரு பதிவு போடுவான். கும்பகோணத்துப் பையன். அப்பா வங்கியில் மேலாளர், அம்மா பள்ளி ஆசிரியை. தாத்தா காலத்தில் நிலம் இருந்ததாம், விற்றுவிட்டு டவுனில் வீடு கட்டிக்கொண்டார்கள். ரயிலில் வந்து போவான். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் அரசியலமைப்புச் சட்டத்தின் சின்னப் பதிப்பு. அந்தப் புத்தகத்தை அவன் பிரித்துப் படித்து நான் பார்த்ததில்லை. ஆனால் எந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அதை மறுக்க மாட்டேன். குரலும் நல்ல குரல். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை போகும்.

முதலாம் ஆண்டில் மாதிரி நாடாளுமன்றம் நடத்தினோம். அவன் பிரதமர். எதிர்க்கட்சித் தலைவராக நின்ற பையன் வேதாரண்யத்துக்காரன், வீட்டில் மீன்பிடி வேலை. மேடையில் ஏறியதும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிடம் விட்டிருந்தால் பேசியிருப்பான். படகுக்கு டீசல் மானியம் பற்றி நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தான், எனக்கு வாசித்தும் காட்டியிருந்தான். ஆனால் நம் ஆள் பொறுப்பானா? பிரதமர் இருக்கையிலிருந்து எழுந்து, "எதிர்க்கட்சி நண்பர் சார்பாக நானே கேட்கிறேன்" என்று ஒரு கேள்வி கேட்டான். பிறகு பிரதமராகத் திரும்பி நின்று அதற்குப் பதிலும் சொன்னான். பதிலைக் கேட்டு எதிர்க்கட்சி திருப்தி அடைந்துவிட்டதாகவும் அவனே அறிவித்தான். துறைத்தலைவர் கைதட்டினார். முதல் பரிசு அவனுக்கு. நான்கு பக்கத் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேதாரண்யத்துப் பையன் பஸ் ஏறினான். அதற்குப் பிறகு அவன் எந்த மேடைக்கும் வரவில்லை.

மாணவர் விடுதியில் சாம்பாரில் புழு கிடந்தது என்று பிள்ளைகள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தார்கள். நம் ஆள் விடுதியில் ஒருவேளைகூடச் சாப்பிட்டதில்லை, அவனுக்கு அம்மா கட்டிக் கொடுத்த தயிர் சாதம். ஆனாலும் காப்பாளரிடம் பேச அவன்தான் உள்ளே போனான். அரைமணி நேரம் கழித்து வந்தபோது உதட்டில் காபி நுரை இருந்தது.

"பேசிட்டேன் நண்பர்களே. சுமுகமா முடிஞ்சுது."

"என்னடா முடிஞ்சுது?"

"உணவைப் புறக்கணிச்சதுக்கு உங்க எல்லார் சார்பாவும் வருத்தம் தெரிவிச்சுட்டேன். சார் பெருந்தன்மையா ஏத்துக்கிட்டார்."

அன்றே இவனை எட்ட நிறுத்தியிருக்க வேண்டும். நாங்கள் சிரித்தோம். சிரித்துவிட்டு மறுநாள் மறுபடி அவன் சொன்ன டீயைக் குடித்தோம். ஒரு கல்லூரிக்கு இப்படி ஒரு ஆள் தேவைப்படுகிறது போலிருக்கிறது. யாராவது எழுந்து பேசட்டும், நாம் உட்கார்ந்திருக்கலாம் என்று இருக்கிற அத்தனை பேருக்கும் அவன் சௌகரியம்.

அவன் கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை. காசு அடித்ததில்லை, பெண்களிடம் தப்பாக ஒரு பார்வை கிடையாது. தான் பேசினால் ஊருக்கு நல்லது என்று மனதார நம்பினான். இப்படி நம்புகிறவனிடம் என்ன சொல்லி நிறுத்துவது?

மூன்றாம் ஆண்டில் குடியுரிமையும் பொதுத் தலைமையும் என்று ஒரு தாள் வந்தது. அதற்காக இரண்டிரண்டு பேராக ஒரு கிராம சபைக்குப் போய், அங்கே நடப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். பார்த்து எழுதினால் போதும், பேசச் சொல்லவில்லை. என்னையும் அவனையும் ஜோடி சேர்த்தார்கள். அவனுக்குக் கிராமம் கிடையாது என்பதால் என் ஊருக்கு வருவதாக ஏற்பாடு. குத்தாலத்திலிருந்து மினி பஸ்ஸில் போகிற ஊர்.

எங்கள் தெருவுக்குச் சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். தெரு முடிகிற இடத்திலிருந்து வாய்க்கால் வரை வயல். சென்னையில் இருக்கிற ஒரு குடும்பத்தின் நிலம் அது, ஊரில் ஒரு காரியஸ்தர் பார்த்துக்கொள்கிறார். நடுவே ஒரு வரப்பு. அதில் ஒரு ஆள் நடக்கலாம். நாலு பேர் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது. அதனால் பயிருக்குள் இறங்கித்தான் போக வேண்டும்.

என் அப்பா செத்தது அதற்கு முந்தைய வருடம், ஐப்பசி மழையில். சம்பா நட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அங்கே நின்றுகொண்டு நானும் அம்மாவும் பார்த்தோம். வரப்பில் குடை பிடித்து நின்ற காரியஸ்தர், "நாத்த மிதிக்காதீங்கடா, ஓரமாப் போங்கடா" என்று கத்தினார். ஓரம் ஒதுங்கிய மாமா ஒருவருக்குக் கால் சேற்றில் புதைந்தது. பாடை சரிந்தது. அப்பா நழுவிச் சேற்றில் விழுந்தார். வாய்க்காலில் வைத்து மறுபடி குளிப்பாட்டித்தான் கொண்டுபோனார்கள். அம்மா அப்போது அழவில்லை. அப்பா விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் பார்த்து எழுதப் போகிற கிராம சபையில் இதைப் பேசப் போகிறேன் என்றாள் அம்மா. அதுவரை அவள் நாலு பேர் முன்னால் பேசியவள் இல்லை. நடவு வயலில் வேலை, வேலை முடிந்தால் வீடு. ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் கூட்டும்போது சொல்வாள், களை எடுத்துவிட்டு வந்து கால் கழுவும்போது சொல்வாள்.

"'தலைவரே'ன்னு ஆரம்பிக்கட்டுமா, 'ஐயா'ன்னு ஆரம்பிக்கட்டுமா?"

"எப்படி வேணா ஆரம்பிம்மா."

"'தலைவரே, எங்க வூட்டுக்காரரத் தூக்கிட்டுப் போனப்ப சேத்துல நழுவ விட்டுட்டாங்க. இனிமே ஒருத்தருக்கும் அப்படி ஆவக் கூடாது. வாய்க்கா வரைக்கும் ஒரு பாதை போட்டுக் குடுங்க.' போதுமா?"

"போதும்."

அவ்வளவுதான் அவளுடைய பேச்சு. ஒரு நிமிடம்கூட ஆகாது.

காந்தி ஜெயந்தி அன்று பள்ளிக்கூடத்துக் கூடத்தில் சபை கூடியது. நம் ஆள் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். அம்மாவிடம் அப்பாவின் கதையைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டான். கண்கூடக் கலங்கியது. பெண்கள் பாயில் ஓரமாக நானும், எனக்கு அடுத்து அம்மாவும் உட்கார்ந்தோம். எனக்கு மறுபக்கம் நாற்காலியில் அவன். தலைவர், "வேற யாராவது பேசணுமா?" என்று கேட்டதும் அம்மா கையைத் தூக்கினாள். மைக்கைக் கொண்டுவந்த ஆள் ஓரத்தில் இருந்த என் கையில் கொடுத்தார். அம்மா வாங்கக் கையை நீட்டினாள்.

"குடு தோழி. அம்மா பதட்டமா இருக்காங்க. நான் எடுத்துச் சொல்றேன்" என்று அவனும் கையை நீட்டினான்.

நான் அவனிடம் கொடுத்தேன்.

அம்மா எல்லார் முன்னாலும் உடைந்து அழுதுவிடுவாளோ என்று பயந்து கொடுத்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அம்மா பேசும் பேச்சைக் கூடப் படிக்கிறவன் கேட்கிறானே, சபையில் மேலத்தெருப் பெண்கள் இருக்கிறார்களே என்று வெட்கமாக இருந்தது. அவன் மைக்கை வாங்கியதும் அப்பாடா என்று இருந்தது.

பேசினான். இருபத்தோராவது பிரிவில் தொடங்கினான், கண்ணியத்தோடு வாழும் உரிமை, இறந்த பின்னும் தொடரும் கண்ணியம் என்று போனான். என் அப்பாவை "உழைப்பின் வியர்வையில் உறங்கிய மாமனிதர்" என்றான். சேற்றில் விழுந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை, அது மேடைக்கு அழகாக இருக்காது என்று நினைத்திருப்பான். கைதட்டல் எழுந்தது. அப்போது காரியஸ்தர் எழுந்து மரியாதையாக, "தம்பி சொல்றது நியாயந்தான். ஆனா பயிர் நிக்குதே, என்ன பண்றது?" என்றார்.

அவன் வலது கை நெஞ்சுக்குப் போய்விட்டது. "ஐயாவின் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. நிலத்தாருக்கு நஷ்டம் வரக்கூடாது. வயல் அறுவடை முடிந்து காலியாகும் வரை பாதைக்காகப் பொறுத்திருப்போம் என்று இந்தத் தெரு மக்கள் எல்லோர் சார்பாகவும் உறுதி கூறுகிறேன்."

"எழுதுப்பா, எழுதுப்பா" என்றார் தலைவர். ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டார்.

அம்மா என் காதருகே குனிந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"உளுந்து?"

எங்கள் ஊரில் வயல் காலியாவதே கிடையாது. சம்பா அறுக்கப் பத்து நாள் இருக்கும்போதே, ஈரம் காய்வதற்குள், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். கதிரை அறுக்கும்போது கீழே உளுந்து முளைத்து நிற்கும். உளுந்து பிடுங்கினால் போர்வெல் தண்ணீரில் குறுவை. குறுவை போனால் மறுபடி சம்பா. அறுவடை முடிந்து காலியாகும் வரை என்றால் எப்போதும் இல்லை என்று அர்த்தம். அந்தக் கூடத்தில் இருந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். காரியஸ்தருக்கு மிக நன்றாகத் தெரியும். "நம் டெல்டா மண்" என்று பேச்சுக்குப் பேச்சு ஆரம்பிக்கிற இவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், நானும் எழுந்து சொல்லவில்லை.

சபை கலைந்ததும் போட்டோ எடுத்தான். திட்ட அறிக்கையில் சேர்க்க வேண்டுமாம். அணைத்து வைத்திருந்த மைக்கை அம்மா கையில் கொடுத்து, "பேசுற மாதிரி நில்லுங்கம்மா" என்றான். அம்மாவும் நின்றாள். வீட்டுக்கு வந்த பிள்ளை, மறுக்கக் கூடாது என்று நினைத்தாள்.

உளுந்து விஷயத்தை நான் அவனிடம் போனில் சொன்னேன். "அப்படியா? சரி, அதை அடுத்த கட்டமாப் பாக்கலாம் தோழி" என்றான். அறிக்கைக்குத் துறையில் முதல் மதிப்பெண் கிடைத்தது, இருவருக்கும். நானும் வாங்கிக்கொண்டேன்.

கார்த்திகையில் எதிர்வீட்டுச் சின்னம்மா இறந்தாள். கேள்விப்பட்டு மாலையோடு வந்துவிட்டான், அதில் குறை வைக்க மாட்டான். அன்றும் மழை. ஆண்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்கள். இவன் தெருமுனையில் பெண்களோடு நின்றான்.

"தம்பி, ஆம்பளைங்க கூடப் போவணுங்க" என்றாள் அம்மா.

அவன் தன் ஷூவைப் பார்த்தான். வயலைப் பார்த்தான். "ரயிலுக்கு நேரமாச்சும்மா" என்றான். சின்னம்மாவை முழங்கால் சேற்றில் தூக்கிக்கொண்டு போவதை அவன் பார்க்கவில்லை, அதற்குள் மினி பஸ் வந்துவிட்டது. மாலைக்குள் அவன் முகநூல் பக்கத்தில் அஞ்சலிப் பதிவு வந்தது. குடும்பத்தார் சார்பில் கண்ணீர் அஞ்சலி என்று போட்டிருந்தான். சின்னம்மாவின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தான்.

குடியரசு நாள் சபையில் அம்மா மைக்குக்குக் காத்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுந்து, "தலைவரே" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னாள். சேற்றில் விழுந்ததையும் சொன்னாள், சின்னம்மாவையும் சேர்த்துச் சொன்னாள். செயலர் பழைய பக்கத்தைப் புரட்டினார். "அறுவடை வரைக்கும் பொறுத்துக்கிறோம்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களேம்மா. இங்க பாருங்க, எழுதியிருக்கு."

"நாங்க எப்பங்க ஒத்துக்கிட்டோம்?"

"உங்க தெரு சார்பா அந்தப் படிச்ச தம்பி சொல்லலையா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாசியில் போய்க் கேட்டபோது உளுந்து நின்றது. ஆனியில் போய்க் கேட்டபோது குறுவை நாற்று விட்டிருந்தார்கள். இப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது. இதற்குள் எங்கள் தெருவில் ஏழு பேரைச் சேற்றில் கொண்டுபோயிருக்கிறோம்.

நான் இப்போது ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் குடிமையியல் நடத்துகிறேன். உள்ளாட்சி பற்றிய பாடம் வந்தால் வேகமாக நடத்தி முடித்துவிடுகிறேன். அவன் எங்கேயோ உயர்ந்துவிட்டான். தலைமைப் பண்புப் பயிற்சி என்று ஊர் ஊராகப் போய் வகுப்பெடுக்கிறானாம். இளைஞர்களுக்கு, அலுவலர்களுக்கு, மகளிர் குழுக்களுக்கு. பேச வராதவர்களைப் பேச வைப்பது அவனுடைய சிறப்பாம். விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து அவனைத் திட்டினேன். வாய்க்கு வந்த எல்லா வார்த்தையும் சொன்னேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, மாவட்ட அலுவலகத்தில் மனு வாங்கும் நாளில், பாதை கேட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு இப்போது மூச்சு வாங்குகிறது. இதய வால்வில் கோளாறு என்று மருத்துவர் சொல்லிவிட்டார், நடவுக்குப் போவதில்லை. மனுக்களைப் பதிவு செய்யும் மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. மனுவை வாங்கிப் படித்தாள். அம்மாவைப் பார்த்தாள், மறுபடி மனுவைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா, நீங்கதானா அந்த மைக் அம்மா? எங்க டிரெய்னிங்ல உங்க போட்டோ காட்டினாங்க! வாயே தொறக்காத ஒரு அம்மாவ எப்படிப் பேச வச்சேன்னு சார் ஒரு மணி நேரம் சொன்னார். எல்லாரும் அழுதுட்டோம்."

அம்மாவுக்குப் புரியவில்லை. நான்தான் அவளிடம் சுருக்கமாகச் சொன்னேன்.

"ஆனா பாதைதான் வந்துருச்சேம்மா?" என்றாள் அந்தப் பெண். "உங்க ஊருக்கு சார் பாதை வாங்கிக் குடுத்துட்டதா கடைசி ஸ்லைடுல இருந்துச்சே. இது வேற பாதையா?"

என் காதெல்லாம் சுட்டது. எங்கள் பிணங்கள் போக வேண்டிய வழியையும் எங்கள் சார்பாக அவனே போட்டு முடித்துவிட்டான். அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"பாதை வரலம்மா. அதே பாதைதான். எழுதிக்க."

அந்தப் பெண் சங்கடத்தோடு கணினிப் பக்கம் திரும்பினாள். ஊர், தெரு, கோரிக்கை எல்லாம் கேட்டு அடித்தாள். கடைசியில் ஒரு கட்டத்தில் நின்றாள்.

"இதுல பயனாளின்னு ஒரு பேர் போடணும்மா. பொதுமக்கள்னு போட்டுடவா?"

"வேணாம். என் பேரப் போடு" என்றாள் அம்மா. "அடுத்து அந்த வழியாப் போவப் போறவ நாந்தான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.